பனிநாக வதைப் படலம்

வாழ்க வெலிசார்! ப்லோவ்திவ் மாநகரின் நான்காம் மாடிக் கோமான், சுழல்நாற்காலியை அரியணையாகக் கொண்டு, கிழிந்த காலுறையை வீரக்கழலாக அணிந்த தோன்றல், எவரோ செய்துவைத்த பழைய பூதச்சண்டைக் கணினி விளையாட்டைப் பிரித்து, அதன் எண்களையெல்லாம் ஏற்றி, 'கரும்பனி' என்னும் கொடும்பதிப்பாக மாற்றிய பிரமன், வாழ்க வாழ்க!

அவ்வுலகில் விழுந்த பூதம் மீண்டும் எழாது. அந்தச் சட்டத்தை எழுதியவன் அவனே. கடைசிக் கோட்டையில், மூச்சுப் பட்டாலே மாளச்செய்யும் வெண்பிடரிப் பனிநாகத்தை நிறுத்தியவனும் அவனே. படைத்தவன் தானே வென்று காட்டிய பிறகுதான் பதிப்பு வெளிவர வேண்டும் என்பது ரசிகர் மன்றத்து மரபு. "தலைவா, மொதல்ல நீ ஜெயிச்சுக் காட்டு பாப்போம்" என்று அங்கே ஒருவன் சீண்ட, வெகுண்டெழுந்த வெலிசார், "ஞாயித்துக்கெழம ஆறு மணிக்குள்ள ஜெயிச்சு வீடியோ போடல, நான் வெலிசாரே இல்ல!" என்று மூவுலகும் அதிர முழங்கிவிட்டான். பாவம், வாய் சும்மா இருந்ததா!

ஞாயிறும் வந்தது, மணி ஐந்தும் ஆனது. ஒத்திகைப் பிரதியில் பதினேழு முறை போர் தொடுத்து, பதினேழு முறையும் மண்ணைக் கவ்விய மாவீரனுக்கு ஒரே ஒரு வியூகம் மிஞ்சியது. நாகத்தின் முதல் மூச்சுக்கு ஒரு பூதத்தைப் பலி கொடுத்தால், அது மூச்சு வாங்கும் வேளையில் அவனுடைய இன்னொரு பூதமாகிய பாறையாமை பாய்ந்து முடித்துவிடும். பலிக்கு உரியது, ஆட்டத்தில் அவன் முதலில் பிடித்த பூதமாகிய குட்டி முள்ளெலி. தான் விரும்பித் தின்னும் பாலாடைப் பலகாரத்தின் நினைவாக, பனீட்சா என்று அதற்குப் பெயரிட்டிருந்தான். அதன் தீப்பந்து முந்திப் பட்டால் நாகம் ஒரே அடியில் சாம்பல். ஆனால் நாகத்தின் வேகம் நூறு, பனீட்சாவின் வேகமோ தொண்ணூற்றாறு.

மலை பெயர்க்கும் அக்கட்டைவிரல் பொத்தான்மேல் இறங்க மறுத்தது. கண் கலங்கியது. அவனுக்கு உண்மையிலேயே மனம் வரவில்லை.

அப்போது வாசலில் அவன் அக்காள் நேவெனா தோன்றினாள், கையில் கரண்டியோடு.

"டேய், அடச்ச குடமொளகா ஆறிப்போகுது. எலிக்காடா அழுவுற?"

"எலி இல்லக்கா, முள்ளெலி. பனீட்சா."

"சரி, அந்தப் பாம்ப அங்க வச்சது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் யாரோடடா சண்ட போட்டுக்கிட்டிருக்க?"

திசையெட்டும் திகைத்தன. சுவர்க்கடிகாரம் மூச்சடக்கியது. பதினேழு தோல்விகளின் புண் சுமந்த மார்பை நிமிர்த்தி, ஊழையே எதிர்த்து நிற்பவன் போல் வெலிசார் எழுந்தான், மீண்டும் அமர்ந்தான், விசைப்பலகையைத் தன்பால் இழுத்தான்.

நாகத்தின் வேகத்தில் ஐந்தைக் குறைத்து, 'சிறு பிழை திருத்தப்பட்டது' என்று குறிப்பு எழுதிவிட்டுச் சாப்பிடப் போனான்.