ஃப்யூஸ் டீச்சரின் இரண்டு கருந்துளைகள்

விழுப்புரத்தில் மின்வெட்டையே தோற்கடித்த ஒரே மனுஷி எங்கள் ஃப்யூஸ் டீச்சர்தான். ஊரெல்லாம் விளக்கு எரியும்போது எங்கள் பெண்கள் விடுதி மட்டும் இருட்டாக இருந்தால், காரணம் அவர்.

பகலில் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம். திரும்பி வந்ததும் ஆராய்ச்சி. அறையில் பாதியை அடைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் கணக்கை ஓடவிடுவார். அந்த நேரம் யாராவது அயர்ன் பாக்ஸ் போட்டால் ஃப்யூஸ் போய்விடும்.

"அதுல அப்படி என்னதான் பண்ணிக்கினு இருக்கீங்க டீச்சர்?" என்று வார்டன் அம்மா ஒருநாள் கேட்டதுதான் தப்பு. டீச்சர் சமையலறையிலிருந்து கேப்பை மாவை எடுத்துத் தட்டில் கொட்டி, அதற்குள் இரண்டு மல்லாட்டைகளை, அதாவது வேர்க்கடலைகளை, விரலால் சுற்றவிட்டார்.

"இது ரெண்டும் கருந்துளை. நட்சத்திரமே இல்லாத காலத்துல உண்டானது. ஒன்ன ஒன்னு சுத்திக்கினே வந்து ஒருநாள் மோதிக்கும். மாவுதான் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். அதுக்குள்ள பூந்து போனா வேகம் கொறையுதில்ல? அப்ப ஜல்தியா மோதிக்குமான்னு பாக்கறேன்."

"மாவு வீணாப்போச்சே" என்றார் வார்டன் அம்மா. இன்னொரு முறை ஃப்யூஸ் போனால் அறையைக் காலி செய்யவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

கடைசிக் கணக்கு பகல் முழுக்க நிற்காமல் ஓடவேண்டும். டீச்சர் எங்களிடம் வந்து நின்றார். "ஞாயித்துக்கிழம மட்டும் ஃபேன் போடாம இருக்கீங்களாம்மா?"

கத்திரி வெயில். ஆனால் காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவளைத் தன் கட்டிலில் படுக்கவைத்தவர் அவர். தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வெந்தோம். வார்டன் அம்மாவே வாசலில் உட்கார்ந்து, ஒருத்தியும் ஸ்விட்ச் பக்கம் போகாமல் காவல் காத்தார்.

சாயங்காலம் டீச்சர் வெளியே வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"கரும்பொருள் ரெண்டையும் கிட்ட கொண்டாந்துடுது. ஆனா நீள்வட்டமா சுத்தனத வட்டமாக்கிடுது. வட்டமாச்சின்னா மோத நாளாவும். கூட்டிக் கழிச்சா பெருசா வித்தியாசமே இல்ல."

"வித்தியாசமில்லன்னு கண்டுபுடிக்கவா இத்தினி பேர் வெந்தோம்?" என்றார் வார்டன் அம்மா. டீச்சரின் கண் கலங்குவதைப் பார்த்ததும், எழுந்து போய் மோர் கலக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

புதுச்சேரியில் அவருடைய பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்கு நாங்கள் எல்லோருமே பஸ் பிடித்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். தேர்வாளர் அதையேதான் கேட்டார். "முடிவுல பெரிய மாற்றமில்லையே, ஏமாற்றமா இல்லையாம்மா?"

"இருந்துச்சிங்க. ஆனா கரும்பொருள சேக்காம முன்னாடி போட்ட கணக்க நம்பலாமா வேணாமான்னு தெரியாம இருந்துச்சி. இப்ப நம்பலாங்க."

தேர்வாளர் தலையசைத்தார். ஒன்றும் புரியாத வார்டன் அம்மா முதல் ஆளாகக் கைதட்டினார்.

திரும்பும்போது கண்டமங்கலம் தாண்டுவதற்குள் டீச்சர் வார்டன் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். விழுப்புரம் வந்தும் எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. கண்டக்டர் வந்து கேட்கும்வரை நாங்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.