செவப்புப் பயலுக்கு ஸ்பீக்கர் மாட்டிய கதை

ஒரு மனிதன் கெட்டுப்போக மது, மாது, சூது எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரும், 'இதை நீங்களே வீட்டில் செய்யலாம்' என்று சொல்லும் ஒரு வீடியோவும் போதும். நான் கெட்டது அப்படித்தான். என்னோடு சேர்ந்து கெட இருந்தது என் மைத்துனன் சரவணனின் கல்யாணம்.

என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. அவசரப்பட்டுப் பொறாமைப்பட வேண்டாம். இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, சிவப்பு நிறம். கல்லூரிக்குப் போகும் என் மகளைவிட வயதில் மூத்தது. அதை எனக்கு விற்ற கோயம்புத்தூர்க்காரர் சாவியைக் கொடுக்கும்போது கண்கலங்கினார். பிரிவுத் துயரம் என்று நானும் கூடவே கலங்கினேன். (அது ஆனந்தக் கண்ணீர்னு ஓட்ட ஆரம்பிச்ச பெறகுதான் வெளங்குச்சு.) மதுரை கே.கே. நகரில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் அடிவயிறு உரசும். நான் நிறுத்தி, யோசித்து, சாய்வாக ஏற்றி இறக்குவதற்குள் பின்னால் காய்கறி மூட்டையோடு வருகிற மொபெட்காரர் முந்திப் போய்விடுவார். போகிற போக்கில் ஒரு பார்வை வேறு பார்ப்பார்.

இருந்தாலும் கார் கார்தானே. சரவணனுக்கு ஒருவழியாகப் பெண் அமைந்ததும் என் மனைவி தனம் முதலில் சொன்னது, "மாப்பிள்ளை அழைப்பு நம்ம வண்டியிலதான்" என்பதுதான். தம்பிக்கு வரன் தேடித் தேடி அவர்கள் குடும்பத்துக்கே பாதி முடி கொட்டியிருந்தது. பையனிடம் பழுதில்லை. நல்ல வேலை, நல்ல குணம், நல்ல நிறம். எங்கள் பக்கம் அந்த நிறத்துக்குப் பெயர் சிவப்பு. 'அந்தச் செவப்பா இருப்பானே, அவன்' என்றுதான் தெருவில் அடையாளம் சொல்வார்கள். ஜாதகம்தான் ஏதோ ஒரு கட்டத்தில் முறைத்துக்கொண்டிருந்தது.

பெண் வீடு கோச்சடை. எல்லோரும் தங்கமானவர்கள். பெண்ணின் தாய்மாமன் காசிமாயன் மட்டும் தங்கத்தை உரசிப் பார்ப்பவர். விவசாயம் அவருக்குத் தொழில், விசாரிப்பது பொழுதுபோக்கு. சரவணனைப் பற்றி அவன் அலுவலகத்தில் விசாரித்தார், டீக்கடையில் விசாரித்தார், முடிவெட்டுபவரிடம் விசாரித்தார், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவனைத் தேடிப் பிடித்து விசாரித்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதிலிருந்துதான் அவருக்குச் சந்தேகமே வந்தது. "ஒரு குத்தமும் இல்லாத மனுசன் எப்படிப்பா இருப்பான்? எங்கிட்டோ ஒளிச்சு வச்சிருக்காய்ங்க" என்று பாக்கு வெற்றிலை மாற்றும் அன்றைக்கே சொன்னவர். அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறைக்கு வரும். தாய்மாமன் கோபித்துக்கொண்டு கிளம்பினால் அந்தக் கல்யாணம் அவ்வளவுதான்.

இப்படி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கவலையெல்லாம் காரின் ஸ்பீக்கர் மேல் இருந்தது. பழைய சொந்தக்காரர் பாட்டுப்பெட்டியை மட்டும் புதிதாக மாட்டியிருந்தார். என் போனைக் கண்டதும் ப்ளூடூத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் கதவுகளில் இருந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் கிழிந்து, நாதஸ்வரம் போட்டால் சளி பிடித்த எருமை மாதிரி கத்தும். மாப்பிள்ளை வருகிற வண்டியில் எருமை கத்தலாமா?

திருநகரில் டயர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் முருகேசனிடம் சொன்னேன். முருகேசனைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஒன்று, உலகத்தில் எல்லோரும் அவனுக்கு மாப்ள. நான் மாப்ள, டயர் வாங்க வருகிறவர் மாப்ள, வரி வசூலிக்க வந்த அதிகாரியும் மாப்ள. இன்னொன்று, வண்டிகள் எல்லாம் அவனுக்குப் பய. லாரி 'பெரிய பய', ஆட்டோ 'சில்லறைப் பய', என் கார் 'செவப்புப் பய'.

"நான் வாரேன் மாப்ள. செவப்புப் பய கதவ நீயாத் தொறந்து வைக்காத" என்றான்.

"நான் வீடியோ பாத்துட்டேன்டா" என்றேன். அறுவைச் சிகிச்சை நிபுணர்கூட அவ்வளவு அலட்சியமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் வேலையை ஆரம்பித்தேன். வீடியோவில் அந்த ஆள் கதவின் உள்பலகையை இரண்டு விரலால் மெல்ல இழுத்தார், அது பூப்போல வந்தது. நான் இழுத்தேன், வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். பலகையைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் பட் பட்டென்று தெறித்தன.

மேலே பால்கனியிலிருந்து தனம் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கடலையா ஒடைக்கிறீங்க?"

"கதவைக் கழட்டுறேன்!"

"கழட்டுறது வேற, ஒடைக்கிறது வேறங்க."

கதவின் உள்ளே நான் பார்த்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. வெளியே தகதகவென்று சிவப்பு, உள்ளே தொட்டால் உதிரும் துரு. பயந்துபோய் நாலைந்து போட்டோ எடுத்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து, 'நல்லாப் பாத்துச் சொல்லுடா' என்று முருகேசனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீலக் கோடு விழுந்தது. பதிலைக் காணோம். அவசரத்துக்குப் பதில் சொல்வது அவன் கொள்கைக்கு விரோதம்.

புது ஸ்பீக்கரின் காந்தம் நல்ல பருமன். உள்ளே வைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் பாதியில் இடித்தது. அதற்கு நான் கண்டுபிடித்த தீர்வு, கண்ணாடியை இனிமேல் இறக்காமல் இருப்பது. மாப்பிள்ளை உட்காரப்போகும் பக்கத்துக் கதவில், கைப்பிடியையும் பூட்டையும் இணைக்கிற கம்பி ஒன்று கழன்று ஆடியது. அதை மாட்டுகிற கொக்கியைத்தான் சற்று முன் உடைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பூக்கட்ட வாங்கி வைத்திருந்த வாழைநாரை எடுத்துவந்து இறுக்கிக் கட்டினேன். மதுரையில் மல்லிகையையே தாங்குகிற நார், ஒரு கம்பியைத் தாங்காதா? வேலை முடிந்தபோது கை நிறைய ஸ்க்ரூ மிச்சமிருந்தது. கார் செய்தவர்கள் தாராளமாகத்தான் போட்டிருப்பார்கள் என்று டப்பாவில் போட்டு மூடினேன்.

ஆனால் சத்தம் இருக்கிறதே, அடடா! பாட்டைப் போட்டதும் பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் இறங்கிவந்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அதைவிடப் பெரிய பாராட்டு என் வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், பிள்ளையார் கோயில் வாசலில் சரவணன் பட்டுவேட்டியும் மாலையுமாக ஏறி உட்கார்ந்தான். உற்சாகத்தில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். உள்ளே மெல்லிதாக ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. மேளச் சத்தத்தில் நான் கண்டுகொள்ளவில்லை.

"அத்தான், புழுங்குது. கண்ணாடிய எறக்கலாமா?"

"வேண்டாம்ப்பா, தூசி வரும்."

கூரையை மடக்கிவிட்ட வண்டியில் தூசிக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றி வைத்த மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மண்டப வாசலில் இரண்டு வீட்டாரும் திரண்டு நின்றார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு காசிமாயன் மாமா. பாட்டை நிறுத்திவிட்டு, வண்டியை அணைக்காமல் இறங்கி, சுற்றி வந்து, ஒரு ராஜாவின் தேரோட்டியைப் போல மாப்பிள்ளையின் கதவைத் திறந்தேன். திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். உள்ளேயிருந்து சரவணன் தள்ளினான். கைப்பிடி மட்டும் சுகமாக மேலும் கீழும் போய்வந்தது. என்ன நடக்கிறது என்று பார்க்கும் ஆர்வத்தில் மேளக்காரர்களும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அமைதியில் என் போன் கிணுகிணுத்தது. முருகேசனிடமிருந்து குரல் செய்தி. அன்றைக்கு அனுப்பிய கதவு போட்டோவுக்குப் பதிலாக இருக்கும், திறக்கவும் ஏதாவது வழி சொல்லியிருப்பான் என்று அதைத் தட்டிவிட்டுக் காதில் வைத்தேன். போன் இன்னும் காரோடு ஒட்டிக்கொண்டிருப்பது நினைவில்லை. காதில் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குக் கேட்டது.

"மாப்ள... நல்லாப் பாத்துட்டேன். இந்தச் செவப்புப் பய வேணாம். மேலுக்குத்தான் பளபளப்பு, உள்ள பூரா அரிச்சுப் போயிருக்கு. ஏற்கெனவே ரெண்டு மூணு எடத்துல இருந்துட்டு வந்த பய. நல்லா அடி வேற வாங்கிருக்கான், பூசி மறைச்சிருக்காய்ங்க. ஊருக்குத் தெரியுறதுக்குள்ள எவன் தலையிலயாச்சும் கட்டி விட்டுரு!"

நிறுத்துகிற பதற்றத்தில் நான் சத்தத்தை முழுதாகக் கூட்டி, முதலிலிருந்து இன்னொரு தரம் போட்டுவிட்டேன்.

இரண்டாவது தடவை கூட்டம் இன்னும் கவனமாகக் கேட்டது. பழைய ஸ்பீக்கராக இருந்திருந்தால் எருமை கத்துகிறது என்று விட்டிருப்பார்கள். என் கைவண்ணத்தில் ஒவ்வோர் எழுத்தும் சுத்தமாக விழுந்தது. ஆரத்தித் தட்டு பாதிச் சுற்றில் நின்றது. பெண்ணின் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தனம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை. ஒரு ஸ்பீக்கருக்காக ஒரு பையனின் வாழ்க்கையை முடித்துவிட்டேன் என்றே நம்பினேன்.

காசிமாயன் மாமா முன்னால் வந்தார். கோபத்தையும் மீறி அவர் முகத்தில் ஒரு நிறைவு. இத்தனை மாதம் தேடியது தானாக வந்து மாட்டியிருந்தது.

"யாருய்யா பேசுனது?"

"என் சிநேகிதன், மாமா. அவன் காரைச் சொல்றான்."

"காரை எவனாச்சும் பயன்னு சொல்லுவானா? தெளிவா மாப்ளன்னு ஆரம்பிச்சு, செவப்புப் பயன்னு வேற சொல்றான். ரெண்டு மூணு எடத்துல இருந்துட்டு வந்தவனாம்ல?" அவர் மணமகனை ஏற இறங்கப் பார்த்தார். "போடுங்க அவனுக்குப் போன. எல்லாரும் கேக்கட்டும்."

எல்லோரும் கேட்பதற்குத் தனியாக எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. முருகேசனின் குரல் வாசலை நிறைத்தது.

"சொல்லு மாப்ள!"

"டேய், நீ யாரைடா அப்படிச் சொன்ன?"

"அந்தச் செவப்புப் பயலத்தான். ஏன், ரோசம் வருதா? நம்பலேன்னா பின்னாடி தூக்கிப் பாரு. எம்புட்டுப் பூசிருக்காய்ங்கன்னு தெரியும்."

சரவணன் இரண்டு கையாலும் பட்டுவேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"என்னத்தடா தூக்க?" என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது.

"டிக்கியத்தான்! அப்படியே குனிஞ்சு சைலன்சரையும் பாரு. ஓட்டையாக் கெடக்கு."

காசிமாயன் மாமா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "சைலன்சரா?" என்றார். பிறகு நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோல், "மாப்பிள்ளைக்கு அது கெடையாது" என்றார்.

அதோடு விடுவாரா? விசாரணை என்றால் முழுதாக நடக்க வேண்டாமா? பின்னால் போய் டிக்கியைத் தூக்கினார். விரலை மடக்கி அங்கங்கே தட்டிப் பார்த்தார். பட்டுச்சட்டையோடு குனிந்து, போன் வெளிச்சத்தில் அடிப்பக்கம் நோட்டம் விட்டார். நிமிர்ந்தபோது அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"அந்தத் தம்பி சொன்னது அம்புட்டும் உண்ம. பூசித்தான் இருக்காய்ங்க!"

முதலில் சிரித்தது பெண்ணின் அம்மா. அப்புறம் நாதஸ்வரக்காரர். பிறகு யார் சிரிக்கவில்லை என்றுதான் கணக்கெடுக்க வேண்டும். கதவு மட்டும் கடைசிவரை மசியவில்லை. நாலு பேர் சேர்ந்து சரவணனைக் கதவுக்கு மேலாகத் தூக்கி இறக்கினார்கள், உற்சவர் சப்பரத்திலிருந்து இறங்குவது மாதிரி. தோள்பக்கம் பிடித்தவர் காசிமாயன் மாமா. தரையில் நிறுத்தியதும் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பய கனமாத்தான் இருக்கான். உள்ள அரிப்பெல்லாம் ஒண்ணுமில்ல. ஆரத்தியச் சுத்துங்கம்மா!"

மறுநாள் பெண்ணை அவர்தான் கைப்பிடித்து அழைத்து வந்தார். தாலி ஏறிற்று. இன்றைக்கு அந்த வீட்டில் சரவணனுக்குப் பெயர் செவப்புப் பய. அவன் இருமினால் போதும், "உள்ள அரிச்சுப் போச்சா?" என்று அவன் மனைவியே கேட்கிறாள். இரண்டு குடும்பத்திலும் எந்த வரன் வந்தாலும் முதல் கேள்வி, "டிக்கியத் தூக்கிப் பாத்தாச்சா?" என்பதுதான். காரைக் கடைசியில் காசிமாயன் மாமாவே வாங்கிக்கொண்டார். "கொறையெல்லாம் சபையில வச்சுச் சொல்லி எவன்யா வண்டி விப்பான்?" என்பது அவர் கட்சி. கூரையை மடக்கி, பக்கத்து இருக்கையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகிறார். அந்தக் கதவை அவரும் திறப்பதில்லை. வாழைத்தார் இறங்கக் கேட்கவா போகிறது?

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள் தனம். "மேலுக்குத்தான் பளபளப்பு. உள்ள பூரா அரிச்சுப் போயிருக்கு."

குழாயைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று இதுவரை தெரியவில்லை. விசாரிக்கவும் பயமாக இருக்கிறது.