ஏழாம் நம்பர் தொட்டித் தண்ணீர்

தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டர் அறுபத்திரண்டு காட்டியது.

வாசு அதைத் துடைத்து மறுபடியும் டம்ளருக்குள் விட்டான். அறுபத்திரண்டேதான்.

"இருபதைத் தாண்டக் கூடாது, பிரபா."

"குடிச்சா நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அவன் மனைவி பிரபாவதி.

"நமக்கு நல்லா இருக்கும். இஞ்சி சோடாவுக்கு ஆகாது. உப்பு ஏறினா நுரையே வராது."

வளைகுடா நகரமான மனாமாவில், குதைபியா பகுதியின் ஒரு பழைய கட்டடத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ். மற்ற நேரமெல்லாம் வாசுவுக்கு இஞ்சி சோடாதான். இஞ்சியும் சர்க்கரையும் சுத்திகரித்த தண்ணீரும் கலந்து, ஜாடியில் நாலு நாள் நுரைக்கவிடுவான். தமிழ்ச் சங்க விழாவுக்கு இருநூறு பாட்டில் தருவதாக மேடையேறி மைக்கில் வேறு சொல்லிவிட்டான். விழாவுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

ஃபில்டரை மாற்றினான். மீட்டர் நாற்பதுக்கு இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள்.

"மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"மேல போகக் கூடாதுன்னு ஓனர் போர்டு மாட்டியிருக்காரே?"

"மத்தியானம் போறேன். எவன் பார்க்கப் போறான்?"

ஆபீஸில் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை இடைவேளை. ஜூலை மாதத்து வெயிலில் அந்நேரம் தெருவில் பூனைகூட நடமாடாது. நனைத்த வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு வாசு படியேறினான். மாடியில் வீட்டுக்கொன்றாக ஏழு தொட்டிகள் வரிசையாக நின்றன. ஏழாவது அவனுடையது. மூடியைத் திறந்து மீட்டரை உள்ளே விட்டான். தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை.

மறுநாள் சமையலறைக் குழாயில் மீட்டர் நூற்று நாற்பது காட்டியது.

அன்று மத்தியானமும் மேலே போய் அரைமணி நேரம் தொட்டியைக் குடைந்து பார்த்தான். அடுத்த நாள் முந்நூற்றுப் பத்து.

தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினான். விடிந்ததும் அறுநூற்று நாற்பது.

ஜாடிகள் ஒவ்வொன்றாக அடங்கின. முந்தின வாரம்வரை முணுமுணுத்துக்கொண்டிருந்த பன்னிரண்டு ஜாடிகளும் இப்போது சலனமில்லாமல் நின்றன. பிரபாவதிக்குத் தலைமுடி பிசுபிசுத்தது. டீயில் பால் ஊற்றினால் திரிந்தது.

வாசு எதிர்வீட்டு அருணாவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிச் சோதித்தான். பத்தொன்பது.

"ஒரே மெயின் பைப்தாங்க. அவங்களுக்கு நல்லா வருது, நமக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றாள் பிரபாவதி.

வாசு மாடிக்குப் போய், தொட்டி மூடியின் மேல் ஒரு சிமெண்ட் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தான். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல் அது. மறுநாள் அது தரையில், யாரோ குழந்தையைப் படுக்க வைத்ததுபோல் பதனமாக இறக்கி வைக்கப்பட்டிருந்தது. மூடியைச் சுற்றிலும் வெள்ளையாகப் பொடி. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து, மூச்சுவிடாமல், தாழ்ந்த குரலில் யாரோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் தகித்த தரையில் செருப்பை விட்டுவிட்டு வாசு வெறுங்காலோடு ஓடிவந்தான்.

"நம்மளத் தவிர இங்க வேற யாரோ இருக்காங்க," என்றாள் பிரபாவதி, அவன் பாதத்தில் எழும்பிய கொப்புளத்துக்கு மருந்து தடவியபடி. "எனக்கு இந்த வீடு வேண்டாம், மாத்துங்க. இல்லன்னா நாளைக்கே நான் திருச்சிக்குப் போறேன்."

சங்கத்துக்குப் போன் செய்து இருநூறு பாட்டிலையும் கைவிட்டான். வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்தார்கள்.

கட்டடத்துக் காவலாளி செய்கு அலாவுதீன்தான் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். ராமநாதபுரத்துக்காரர். இருபது வருஷமாக இதே கட்டடத்தில் இருக்கிறார். கடைசிப் பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு, வாசுவைத் தனியாக அழைத்துப் போனார்.

"போறீங்க, அதனால சொல்றேன் சார். முன்னாடியே சொன்னா பயந்துருவீங்க. மத்தியானத்துல மாடிக்கு வெள்ளையா ஒன்னு வருது. மூஞ்சி தெரியல. நேரா உங்க டேங்குகிட்டதான் போய் நிக்குது. உங்களுக்கு ஒன்னும் ஆயிரக்கூடாதுன்னு, அது வந்த நாளெல்லாம் ஒரு கிலோ உப்பை ஓதி உங்க டேங்குல போட்டுட்டு வந்தேன். அது விடாம வரவும் உப்பையும் கூட்டினேன்."

வாசு அவரையே பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். வேனில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். தண்ணீரும் போச்சு, சோடாவும் போச்சு, வீடும் போச்சு.

"அலாவுதீன் பாய்! அது நான்தான்! வெயிலுக்காகப் பெட்ஷீட்டைப் போத்திக்கிட்டு, தண்ணியைச் சோதிக்க நான்தான் வந்தேன்!"

அலாவுதீன் சிரிக்கவில்லை.

"உங்களைத் தெரியாதா சார் எனக்கு? நீங்க வர்றதைத் தினமும் பார்த்துட்டுத்தானே இருந்தேன். நான் சொல்றது, உங்களுக்கு ரெண்டடி பின்னால வந்துச்சே, அதை."