வே ஞா எங்கே இருக்கிறது?

வியட்நாம் நாட்டில் தெர்மாஸ் அண்ணை வழி கேட்காத மனிதர் என்று இனி யாரும் மிச்சமில்லை. கைக்குழந்தைகளையும் போக்குவரத்துப் போலீசையும் விட்டுவைத்தார் என்று சொல்லலாம் என்று பார்த்தால், ஹனோயில் ஒரு போலீஸ்காரர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு இவருக்குப் பதில் சொன்னதை நானே பார்த்தேன். இப்படிப்பட்ட ஒருவரோடு பத்து நாள் சுற்றுலா போய்வந்த பிறகும், அவரைக் கூட்டிப்போகலாம் என்று சொன்ன என் மனைவியோடு நான் பேச்சுவார்த்தையில் இருக்கிறேன். என் பொறுமைக்கு வேறு சான்று வேண்டாம்.

ஆஸ்லோவில் புருசெத் பகுதியில், எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார் அண்ணை. அசல் பெயர் அவர் தபால்பெட்டியில் இருக்கிறது. அதைத் தபால்காரர் மட்டும் படிப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் நார்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊருக்கு வந்து, அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு ஆஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டி ஓய்வு பெற்றார். வெளியே கிளம்பினால் கையில் ஒரு பச்சை நிற தெர்மாஸ் ஃபிளாஸ்க் இருக்கும். பக்கவாட்டில் நசுங்கியிருக்கும். மூடி மட்டும் பளபளவென்று துடைத்திருக்கும்.

நான் திருச்சிக்காரன். கம்ப்யூட்டர் வேலையில் வந்து எட்டு வருடம் ஆகிறது. ஒரு ஜனவரி காலை, பஸ் நிறுத்தத்தில் விரல்கள் விறைத்துப்போய் நின்றபோது, "ஒரு வாய் காபி கிடைக்குமா அண்ணே?" என்று அவரிடம் கேட்டதுதான் நான் செய்த தப்பு.

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லைத் தம்பி. இது துவான்ரை சாமான்."

அன்றைக்கு ஆரம்பித்த கதை மூன்று பஸ் போன பிறகுதான் முடிந்தது. துவான் என்பவர் வியட்நாம்காரர். தொழிற்சாலையில் அண்ணைக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர். இவருக்கு வியட்நாம் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து முப்பது நார்வீஜியச் சொற்கள் தெரியும். அதில் இருபது மீன் பெயர்கள். அண்ணையின் முதல் குளிர்காலம் முழுக்க, துவான் தன் தெர்மாஸில் கொண்டுவந்த மீன் சூப்பில் பாதியை இவருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறார். வேலை முடிந்து மணி அடித்ததும் துவான் கையுறையைக் கழற்றுவார், முகமெல்லாம் மலர்ந்து "வே ஞா" என்பார்.

"அது அவன்ரை ஊர் தம்பி. ஒரு நாள் தவறாமல் ஊரை நினைக்கிறவன்."

ஒரு நாள் துவான் வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறினார். பெட்டியைத் தூக்கும்போது, பிடித்துக்கொள் என்று தெர்மாஸை அண்ணையிடம் கொடுத்தார். எங்கே போகிறாய் என்று இவர் கேட்க, துவான் "வே ஞா" என்று சிரித்தார். கப்பல் போய்விட்டது. தெர்மாஸ் இவர் கையில் நின்றுவிட்டது.

"தந்ததெண்டாப் பரவாயில்லை. பிடிச்சுக்கொள்ளு எண்டவன். நான் இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றார் அண்ணை.

நானும் என் மனைவி சுதாவும் வியட்நாம் போகப்போகிறோம் என்ற செய்தி எதிர்க் கட்டடத்துக்கு எப்படிப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் குடும்பத்தில் குழப்பம் வரும். அண்ணை மறுநாளே கதவைத் தட்டினார். பின்னால் அவர் மனைவி ராணி அக்கா.

"உந்த மனுசனோடை நான் கடைக்கே போறேல்லை" என்றார் அக்கா. "நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி. உந்தத் தெர்மாஸைக் குடுத்து முடிச்சால்தான் என்ரை வீட்டிலை நிம்மதி."

"பாவங்க, கூட்டிட்டுப் போலாம்" என்றாள் சுதா.

வே ஞா என்ற பெயரை எத்தனை விதமாக எழுத்துக் கூட்டலாமோ அத்தனை விதமாகவும் வரைபடத்தில் தேடினேன். பின்லாந்தில் ஒரு ஏரியைக் காட்டியது. அப்படி ஒரு ஊரே இல்லை என்றேன். அண்ணை அசரவில்லை.

"மரக்கறிக்கடை வைச்சிருக்கிற வியட்நாம் மனுசியைக் கேட்டனான். அவ ஒவ்வொரு கோடைக்கும் வே ஞா போறவவாம். நீங்கள் கொம்ப்யூட்டரைக் கேளுங்கோ, நான் சனத்தைக் கேக்கிறன்."

நான் பயணத் திட்டம் போட்டால் மணிவாரியாகக் கட்டம் போட்டு வைப்பேன். ஹனோயில் முதல் நாள் காலை ஏழரைக்கு அரிசி நூடுல்ஸ் சூப், ஒன்பதுக்கு ஏரி, பதினொன்றுக்கு முட்டைக் காபி. ஆறு மணிக்கே அறைக் கதவில் தட்டல். "தம்பி, வெளிக்கிட்டாச்சோ?" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும் குரல். திருச்சிப் பக்கத்தில் இதற்குக் கிட்டத்தட்டக் கழிப்பறை விசாரணை என்று அர்த்தம். சுதா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "இதையெல்லாமா கேப்பாரு?" என்றாள். கிளம்பியாயிற்றா என்பதுதான் கேள்வி என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் அண்ணை இன்னொரு தடவை கேட்டுவிட்டார்.

சூப் கடையில் கிண்ணத்தை மூக்குக்கு நேரே தூக்கினார். ஒரு மோப்பம். "இது இல்லை" என்று கீழே வைத்தார். மாட்டிறைச்சி சூப்பில் மீன் வாசம் எப்படி வரும் என்று கேட்டேன். துவான் சூப்பில் டில் கிடந்தது என்றார். டில் என்பது நார்வேக்காரர்கள் மீன்மேல் தூவுகிற, நூல் நூலான கீரை.

"வியட்நாமில் டில்லுக்கு எங்கே போறது அண்ணே?"

"அது எனக்குத் தெரியாமலோ? பாட்ஸ்பியோர்டிலை கிடைச்ச இலையைப் போட்டவன். டில் இல்லாமல் மற்ற மணம் சரியா வருதோ எண்டு பாக்கிறன்."

சாப்பாட்டுக்குப் புகழ்பெற்ற ஒரு நாட்டில், அடுத்த எட்டு நாளும் ஒவ்வொரு கிண்ணமும் அந்த மூக்கிடம் பரீட்சை எழுதித் தோற்றது. சுட்ட பன்றியிறைச்சியும் நூடுல்ஸும் வந்தால் "இது இல்லை." முட்டைக் காபியைக்கூட மோந்து பார்த்து "இது இல்லை" என்றார். அது காபி என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தச் சூப் கடைக்காரம்மாவிடம்தான் முதல் விசாரணை நடந்தது. அண்ணை தெர்மாஸைத் தூக்கிக் காட்டி, "வே ஞா? வே ஞா?" என்றார். அந்தம்மா விழித்தார். பிறகு சிரித்தபடி கடைக்குள்ளே மாடிப்படியைக் காட்டினார். நான் தடுப்பதற்குள் அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிவிட்டார். மேலே அவர்கள் குடியிருக்கும் கூடம். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணை நாற்காலியில் உட்கார்ந்து அந்தம்மாவின் கணவரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பதில் மரியாதையாகப் பையிலிருந்து நார்வேயின் பழுப்புச் சீஸ் கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். பிறகு எழுந்து போய், மிச்சத்தை முன்னோர் படங்களுக்கு முன்னால் படைத்துவிட்டார். உயிரோடிருப்பவர்கள் யாரும் அதைத் தொடவில்லை. ஏரி என் திட்டத்தில் இருந்ததோடு சரி.

அடுத்தது நின் பின் என்ற ஊர். பெயருக்கேற்றபடி அண்ணை என் பின்னாலேயே வந்தார். சுற்றிலும் வயல், வயலுக்கு நடுவே செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், பாறைகளைக் குடைந்து போகிற ஆறு. படகுக்காரம்மா சாய்ந்து உட்கார்ந்து, காலால் துடுப்புப் போடுவார். மொத்தம் மூன்று குகை. அதற்காகவே ஆறு மாதம் காத்திருந்தவன் நான். முதல் குகையைத் தாண்டியதும் அண்ணை தெர்மாஸைத் தூக்கிவிட்டார்.

"வே ஞா?"

படகுக்காரம்மா ஆச்சரியமாக எங்களைப் பார்த்தார். அண்ணை பலமாகத் தலையாட்டினார். அவ்வளவுதான், படகு திரும்பிவிட்டது. வேண்டாம், முன்னால் போங்கள் என்று நான் கையைக் காலை ஆட்டியதை அவசரம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார். ஏறின இடத்திலேயே எங்களை இறக்கிவிட்டுக் கையசைத்தார்.

"பாத்தியளோ, இஞ்சை இறங்கித்தான் போகவேணும் போலை" என்றார் அண்ணை.

வாயைத் திறந்தால் சுதா முன்னால் சொல்லக்கூடாத வார்த்தைகள் வரும் போலிருந்தது. போலீஸ்காரர் எங்கள் ஹோட்டல் அட்டையை வாங்கிப் பார்த்து ஹோட்டலுக்கே கொண்டுவிட்டது, டாக்சிக்காரர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டது எல்லாம் நடுவில் நடந்தவை. எங்கே போனாலும் அண்ணை கேட்பார், கேட்டவர்கள் சிரிப்பார்கள், நாங்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம்.

ஒன்பதாம் நாள் கட் பா தீவு. பச்சைக் கடலில் பாறைகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். அவற்றுக்கு நடுவே கயாக் என்ற ஒல்லிப் படகில் நாமே துடுப்புப் போட்டுப் போகலாம். இங்கே லின் என்ற பெண் வழிகாட்டியாக வந்தாள். ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். நான் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இந்த ஒன்றாவது நடக்கட்டும் என்று கயாக்கில் ஒரு காலை வைத்தேன். மேலே படகில் அண்ணையின் குரல் கேட்டது.

"வே ஞா?"

"வீட்டுக்குப் போகணுமா சார்? உடம்பு சரியில்லையா?" என்று லின் பதறினாள்.

"இல்லைப் பிள்ளை, ஊர். வே ஞா எண்டு ஒரு ஊர்" என்று அண்ணை தன் ஆங்கிலத்தில் விளக்கினார்.

அப்படி ஊர் எதுவும் இல்லை என்றாள் லின். வே என்றால் திரும்பிப் போவது, ஞா என்றால் வீடு. வேலை முடிந்தால், பள்ளிக்கூடம் விட்டால், எல்லோரும் சொல்வது. வீட்டுக்குப் போறேன், அவ்வளவுதான்.

ஒரு காலைக் கயாக்கிலும் ஒரு காலைப் படகிலும் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். மாடிக் கூடம், திரும்பிய படகு, ஹோட்டல், விமான நிலையம். அத்தனை பேரும் எங்களைச் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இப்படி ஒரு தருணம் வந்தால் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்று ஒன்பது நாளாகக் காத்திருந்தவன் நான். சிரிப்பு வரவில்லை.

அண்ணை தெர்மாஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ஒவ்வொரு நாளும் அறைக்குப் போறதைத்தான் சொல்லியிருக்கிறான்" என்றார். "நான் அவன்ரை ஊரெண்டு நினைச்சுக்கொண்டு, அங்கை கோயில் இருக்கோ, கடல் இருக்கோ எண்டெல்லாம் கேட்டனான். அவனும் ஓம் ஓம் எண்டவன்." தெர்மாஸ் மூடியைத் துடைத்துக்கொண்டே, "அண்டைக்குக் கப்பலிலை எங்கை தம்பி போனவன்?" என்று என்னைக் கேட்டார்.

அன்றுவரை அவர் கேட்டவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பதில் சொன்னார்கள். நான் மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கயாக் போனது. அதற்காக நான் கோபப்படவில்லை என்பதைச் சுதா இன்றுவரை நம்பவில்லை.

மறுநாள் ஹனோய் திரும்பும் வழியில், ஹைபோங் துறைமுகத்தில் மதியச் சாப்பாடு. நடைபாதையில் குட்டி குட்டி பிளாஸ்டிக் முக்காலிகள். என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் தோற்கத்தான் போகிறது. மீன் நூடுல்ஸ் வந்தது. அண்ணை கிண்ணத்தைத் தூக்கக்கூட இல்லை. தூக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் முதலில் பார்த்தேன். மீன் துண்டுகளுக்கு மேலே, நூல் நூலாகப் பச்சை.

"அண்ணே, டில்."

குனிந்து மோந்தார். ஒரு கரண்டி குடித்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்காரப் பெண் பக்கத்தில் குவித்து வைத்திருந்த கீரைக்கட்டைப் பார்த்தார். முழுக்க டில்.

"கிடைச்ச இலையைப் போடேல்லைத் தம்பி" என்றார். "உலகத்தின்ரை வடக்குத் தொங்கலிலை நிண்டு, தன்ரை ஊர்ச் சமையலைத்தான் எனக்கு ஊத்தித் தந்திருக்கிறான்."

அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தெர்மாஸ் திறந்தது. கடைக்காரப் பெண் அதை வெந்நீரில் அலசி, நிறைய சூப் ஊற்றிக் கொடுத்தாள். அண்ணை மூடியில் ஊற்றித் தனக்கு எதிரே காலியாக இருந்த முக்காலிப் பக்கம் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆவி அடங்கும் நேரத்தில், சுதா எழுந்து போய் அந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆறிப்போயிடும் அண்ணா. நான் குடிக்கட்டுமா?"

"குடி பிள்ளை" என்றார் அண்ணை. "அவனும் அப்பிடித்தான், ஆற விடான்."

இப்போது தெர்மாஸ் காலியாக இருப்பதில்லை. பஸ் நிறுத்தத்தில் விறைத்து நிற்கிறவர்களுக்கெல்லாம் மீன் சூப் கிடைக்கிறது. வேண்டாம் என்றாலும் கிடைக்கிறது. காலை எட்டு மணிக்கு மீன் வாசத்தோடு நான் ஆபீஸ் மீட்டிங்கில் போய் உட்காருகிறேன். ராணி அக்காவின் நிம்மதி முழுக்கப் போய்விட்டது. சமையலறையில் டில் தவிர வேறு எதுவும் வைக்க இடமில்லையாம்.

போன வாரம் மாலை பஸ்ஸில் அண்ணையைப் பார்த்தேன். வெளியே பனி, உள்ளே எல்லோர் முகத்திலும் வேலை முடிந்த அலுப்பு. புருசெத் வந்ததும் அண்ணை எழுந்து, தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"வே ஞா, தம்பி."

அந்தச் சொல்லை இனி என் காதால் கேட்கக்கூடாது என்று ஹனோய் விமான நிலையத்தில் சத்தியம் செய்தவன் நான். எட்டு வருடமாக ஃப்ளாட் என்று மட்டுமே சொல்லிவந்த இடத்தின் சன்னல் விளக்கு, பஸ் மெதுவாகும்போதே தெரிந்தது. அதற்கு எதிரே அவர் வீட்டு விளக்கு.

"ஓம் அண்ணை" என்றேன். "வே ஞா."