டெசிமல் சார் பெண் பார்க்க வந்த கதை

குளோரினுக்காகக் கண் கலங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். தாம்பரத்தில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்தும் நான் பிழைத்துக் கிடக்கிறேன் என்பது எனக்கே இன்னும் அதிர்ச்சி.

எண்பதுகளின் கடைசி. குரோம்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அவர் தலைமைக் கெமிஸ்ட். நான் எடுபிடிக் கெமிஸ்ட். எல்லோருக்கும் அவர் டெசிமல் சார். குளோரினின் அணு எடை முப்பத்தைந்தரை. சோம்பேறியான நான் முப்பத்தாறு என்று போட்டு, அணு எடைகளைக் கூட்டி உப்பின் மோலார் மாஸைக் கணக்கிட்ட அன்றுதான் அவர் கண் கலங்கினார்.

"கூட ஒரு அரையைப் போட்டுட்டியேடா, பாவி!"

ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஒரு நாள் டம்ளரை உயர்த்திப் பிடித்தார். "அண்ணா, நீங்க போட்ட சர்க்கரையில நூத்துக்கு நாப்பத்திரண்டு பங்கு கார்பன். அதாவது கரி."

கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். "இன்னா சார் சொல்லிகினு கீற? என் டீல கரி கீதா? வியாபார நேரத்துல பேஜார் பண்ணாத!"

அன்றிலிருந்து எங்களுக்கு வேறு கடை.

இப்பேர்ப்பட்டவரைத்தான் சேலையூருக்கு எனக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனேன். ஊரில் அப்பாவுக்குக் காய்ச்சல். பெரியவர் என்று சொல்ல வேறு ஆளில்லை. போட்டோவைப் பார்த்த நிமிஷமே இந்தப் பெண்தான் என்று நான் விழுந்துவிட்டிருந்தேன்.

"சார், அங்க கெமிஸ்ட்ரி மட்டும் வேணாம். கால்ல விழறேன்."

"சேச்சே, எனக்கு இங்கிதம் தெரியாதா?"

பஜ்ஜி வந்தது. பெண் வந்தாள். "ஒரு பாட்டு பாடச் சொல்லட்டுமா?" என்றார் அவள் அப்பா.

"பாட்டு கெடக்கட்டும் சார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதானேம்மா? காப்பர் சல்ஃபேட்டோட மோலார் மாஸ் என்ன?"

என் தொண்டையில் வாழைக்காய் பஜ்ஜி குறுக்கே நின்றது. அவள் நிமிர்ந்தாள்.

"எந்தக் காப்பர் சல்ஃபேட் சார்? நீலமா, வெள்ளையா? நீலம்னா உள்ள அஞ்சு தண்ணி இருக்கு, இருநூத்தி நாப்பத்தொம்பதரை. சூடு பண்ணித் தண்ணியை விரட்டினா வெள்ளை, நூத்தி அம்பத்தொம்பதரை."

டெசிமல் சார் எழுந்தே விட்டார். "அரையை விடலை பாத்தியா!" பிறகு அவள் அப்பாவிடம் திரும்பினார். "சார், இந்தப் பொண்ணை இவனுக்குக் குடுக்காதீங்க. இவன் குளோரினை முப்பத்தாறுன்னு போடறவன்."

அந்த அப்பா என்னைக் கொலைக் கேஸில் சிக்கியவனைப் போலப் பார்த்தார். என் உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் சட்டைக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நானும் வெள்ளைக் காப்பர் சல்ஃபேட்தான்.

"பரவால்ல சார்," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அதை நான் திருத்திக்கறேன்."

இன்றுவரை திருத்திக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு டெசிமல் சார் கொடுத்தது, லேப் பீக்கரில் அவரே பொறுமையாக வளர்த்த எலுமிச்சம்பழம் அளவு நீலப் படிகம். "சூடு படாமப் பாத்துக்கடா. தண்ணி போச்சுன்னா பொடியாயிடும்."

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். படிகம் ஷோகேஸில் இருக்கிறது. மத்தியான வெயில் அந்தப் பக்கம் திரும்பும்போது, மனைவி பார்க்காத நேரமாகப் பார்த்து, அதை நிழலுக்கு நகர்த்தி வைக்கிறேன்.