காவலுக்கு வந்தது வீட்டைப் பெருக்கியது

சேசு மரி சூசை துணை

நெய்வேலி டவுன்ஷிப்,
பிளாக் 21,
16-3-2005

பாசமுள்ள மாப்பிள்ளை அலெக்ஸ் அவர்களுக்கு, மாமனார் அமிர்தநாதன் ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அத்தை மேரிசெல்வியும் சுகம். புனேயில் தாங்களும் ஷைனியும் பேத்தி ஜெனிட்டாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, அந்தச் சுகத்தைக் கெடுக்கப் போகிற இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். பக்கத்தில் ஷைனி இருந்தால் காய்கறி வாங்க அனுப்பிவிட்டுப் படிக்கவும்.

விஷயம், தாங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாங்கித் தந்த கம்ப்யூட்டரைப் பற்றியது. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. முன்பெல்லாம் பட்டனைத் தட்டிவிட்டு நான் குளித்துச் சட்டை மாட்டி வந்தாலும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். இப்போது பல் துலக்கி முடிப்பதற்குள் விழித்துவிடுகிறது. ஆனால் அதில் தாங்கள் ஏற்றி வைத்த ஜெனிட்டாவின் ஞானஸ்நானப் படங்கள், இருநூற்றுப் பதினான்கு, அவை மட்டும் இல்லை. எழுதிவிட்டேன். "கேமராவில் இருந்ததை அழிச்சிட்டேன் மாமா, இனிமே இதுல மட்டும்தான் இருக்கு, பத்திரம்" என்று தாங்கள் சொன்னதும், "முப்பத்தஞ்சு வருஷம் மைன்ஸ்ல பெல்ட் ஓட்டினவன்கிட்டயா சொல்றீங்க மாப்ள?" என்று நான் சிரித்ததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இதில் பெரிய சிக்கல், தங்கள் அத்தைக்கு இது இன்னும் தெரியாது. தவக்காலத்தில் ஊரெல்லாம் கறி மீனை விடுவார்கள். இவள் இந்த வருஷம் பேத்தியை விட்டிருக்கிறாள். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, "ஈஸ்டர் வரைக்கும் புள்ளையோட படத்த பாக்க மாட்டேன். எனக்கு அதவிடப் பெரிய ஒறுத்தல் எதுவும் கெடயாதுங்க" என்றாள். அதற்கு முன்பு தினம் நாலு வேளை பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். மார்ச் இருபத்தேழு, ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் துண்டை எடுப்பாள். அப்போது நான் எந்த ஊரில் இருப்பது நல்லது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வீட்டுப் போன் அவள் காய் நறுக்கும் இடத்துக்கு மேலே இருக்கிறது, எஸ்.டி.டி பூத் நடத்தும் அம்மாள் கோயில் பாடகர் குழுவில் இவளுக்குப் பக்கத்தில் நிற்பவர்.

நடந்தது இதுதான். போன சனிக்கிழமை அவள், "வூட்டுக்குக் காவலா இருங்க" என்று சொல்லிவிட்டு, குறிஞ்சிப்பாடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஜனவரியில் ரிட்டயர் ஆனதிலிருந்து எனக்குக் கை சும்மா இருப்பதில்லை. சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன், பீரோவை ஒழித்தேன், செருப்புகளுக்கு நம்பர் போட்டேன். அன்று வேறு வேலை இல்லாததால், வைரஸ் வராமல் காவல் காக்கத் தாங்கள் சிடியிலிருந்து ஏற்றித் தந்த ஆன்டிவைரஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம் எனத் துண்டை விலக்கினேன். வைரஸ் ஒன்றுமில்லை என்று சொன்னது. அதோடு நிறுத்தியிருந்தால் நாம் இருவரும் நிம்மதியாக இருந்திருப்போம். ஆனால் கூடுதல் வசதி என்று ஒன்று வைத்திருக்கிறார்களே! "உங்கள் கம்ப்யூட்டரில் 1,146 குறைகள் உள்ளன, சரிசெய்யவா?" என்று கேட்டது. என் சர்வீஸில் ஒரு நாளாவது என் மெஷினில் ஆயிரத்துச் சொச்சம் குறை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ரோஷம் வந்துவிட்டது. சரிசெய் என்று தட்டினேன். "வேலை முடியும்வரை ஆஃப் செய்ய வேண்டாம்" என்று ஒரு பலகை வந்து நின்றது.

தங்களுக்கு இது சாதாரணப் பலகையாகத் தெரியலாம். ஓடுகிற மெஷினை விட்டு, மாற்று ஆள் வராமல் எழுந்து போகக் கூடாது என்பது என் ரத்தத்தில் ஊறியது. மாற்று ஆள் வராததால் தொடர்ந்து இரண்டு ஷிப்ட், மண் சுமந்து ஓடும் பெல்ட் அருகில் நின்றவன் நான். எனவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நோட்டை எடுத்து லாக் புக் போட்டேன். "காலை 8.10. மெஷின் ஓடுகிறது. சத்தம் நார்மல்." பத்தரைக்குப் பசித்தது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதில், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாசர் வந்தார். மண் வெட்டும் பெரிய மெஷினின் ஆபரேட்டர், அன்று அவருக்கு வார விடுமுறை. முறைப்படி கையெழுத்துப் போட்டுப் பொறுப்பை ஒப்படைத்தேன்.

"எவ்ளோ எடுத்திருக்கீங்கண்ணே?" என்றார். திரையில் பார்த்தேன். 412 எம்.பி. இடம் காலி செய்யப்பட்டது என்று போட்டிருந்தது. "நானூத்திப் பன்னண்டு" என்றேன்.

"என்னாண்ணே, ஒரு ஷிப்ட்டுக்கு இவ்ளோதானா? கண்டிராக்ட்காரங்க மண்வெட்டியால வெட்டுனாலே இதவிட வருமே!"

மாப்பிள்ளை, இங்கேதான் எல்லாம் கெட்டது. நிலக்கரியைத் தொட வேண்டுமென்றால் மேலே கிடக்கும் மண்ணை முதலில் அள்ள வேண்டும். எந்த ஷிப்ட் அதிகம் அள்ளியது என்று போர்டில் எழுதுவார்கள். நானும் நாசரும் வெவ்வேறு ஷிப்ட்டில் பத்தொன்பது வருஷம் அந்தப் போர்டுக்காகவே வாழ்ந்தவர்கள். நான் இட்லி தின்று வருவதற்குள் நாசர் 890 எடுத்துவிட்டார். எப்படி என்றால், நான் தயங்கி டிக் போடாமல் விட்ட கட்டங்களுக்கெல்லாம் அவர் டிக் போட்டிருக்கிறார். லாக் புக்கில் பெரிய எழுத்தில் "ரெக்கார்டு" என்று வேறு எழுதியிருந்தார். நான் விடுவேனா? அடுத்த ஷிப்ட்டில் இறங்கினேன். "முப்பது நாளாகத் திறக்காத பெரிய கோப்புகள்" என்று ஒரு பட்டியல் வந்தது. அடடா, இது நல்ல கனமான அடுக்கு என்று முழுசாக டிக் போட்டு அள்ளினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்யவா என்றது. நம் ஷிப்ட்டின் மண்ணை அடுத்த ஷிப்ட்டுக்கு மிச்சம் வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. 1,304! நாசரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவரும் பெருந்தன்மையாகக் கை கொடுத்து, "சிதறிக் கெடக்குறத ஒழுங்குபடுத்தவா-ன்னு கேக்குது, அதையும் ஓட்டிடுவோம்ணே" என்றார். அதையும் ஓட்டினோம். கொண்டாட டீ போட்டேன். டீயைக் குடித்துக்கொண்டே, பேத்தி படத்தை நாசருக்குக் காட்டலாம் என்று தேடினேன்.

அந்த டீயை நான் முடிக்கவில்லை.

நாசரின் டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, வடலூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் விஜயகுமாரியிடம் போனோம். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "சும்மா அழிச்சிருந்தா எடுத்திருக்கலாம் சார். அழிச்சி, தொட்டியையும் காலி பண்ணி, அதுக்கு மேல எல்லாத்தையும் இழுத்துப் போட்டு அடுக்கியும் வெச்சிருக்கீங்களே!" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. மைன்ஸில் செய்வதுபோல, வெட்டிய பள்ளத்தை மூடி அதன் மேல் மரமும் நட்டுவிட்டோம். "ஆன்டிவைரஸுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?" என்று கேட்டேன். "வைரஸ் தெனம் வராது சார். பொட்டிக்குள்ள சும்மா இருந்தா காசு குடுத்தவங்க வேலையே செய்யலன்னு நெனப்பாங்க. அதான் எதையாவது செஞ்சி காட்டுது" என்றாள்.

வரும் வழியெல்லாம் இதே வாக்குவாதம். "வாசல்ல வாட்ச்மேன் வெக்கிறோம். நாள் பூரா சும்மாதான ஒக்காந்துகினு இருக்கான், செடிக்குத் தண்ணி ஊத்துனா என்னாண்ணே தப்பு?" என்பது நாசர் கட்சி. செடியோடு நிறுத்தினால் தப்பில்லை. அவன் உள்ளே வந்து பீரோவைத் திறந்து, இதை முப்பது நாளாக நீங்கள் தொடவில்லையே என்று தாலிச் செயினைத் தெருவில் வீசினால் என்ன செய்வீர்கள் என்பது என் கட்சி. தொடாத பொருள் வேண்டாத பொருளா? தவக்காலத்தில் ஒருத்தி ஆசையாக ஒதுக்கி வைத்ததற்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் அதிகாரத்தை யார் கொடுத்தது? காவலுக்கு வந்தவன் காவல் காக்கட்டும். தாங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், இதை மேலிடத்தில் கண்டிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். "செய்யவா?" என்று கேட்டதே, நீங்கள்தானே சரி என்றீர்கள் என்று கேட்பீர்கள். அது வேறு விஷயம்.

மாப்பிள்ளை, கெஞ்சிக் கேட்கிறேன். தங்களிடம், தங்கள் நண்பரிடம், யாரிடமாவது ஒரு பிரதி இருந்தால் ஈஸ்டருக்கு முன் வந்து சேரும்படி அனுப்பவும். பூசையில் சாமியார் பேத்தியின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது அது சிரித்த அந்த ஒரு படமாவது போதும். அதைத்தான் அவள் முதலில் பார்ப்பாள். எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். ஷைனிக்கு ஆசி, ஜெனிட்டாவுக்கு முத்தம். பலாப்பழ சீசன் தொடங்கியதும் பண்ருட்டியிலிருந்து நல்லதாக ஒன்று பார்த்து அனுப்புகிறேன். தூய மரியன்னை உங்கள் மூவரையும், முடிந்தால் என்னையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்
அமிர்தநாதன்

பி.கு: உறை ஒட்டப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் தங்கள் அத்தை இதை எடுத்துப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "படம் இன்னொண்ணு இருக்குங்க. ஷைனி கெளம்பறப்ப ஒரு சிடியில போட்டு எங்கிட்ட குடுத்தா. பீரோல சேலைக்கு நடுவுல வெச்சேன்" என்றாள். பீரோவை நான் பிப்ரவரியில் ஒழித்ததைச் சொன்னேன் அல்லவா? பேர் எழுதாத, யாரும் தொடாத ஒரு சிடி அதில் கிடந்தது. அதைத் தோட்டத்துக் கொய்யா மரத்தில், கிளி வராமல் இருக்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்கள வூட்டுக்குக் காவலா இருங்கன்னுதான சொன்னேன்? சுத்தம் பண்ணச் சொன்னேனா?" என்றாள். ஆகவே மேலே அந்த ஆன்டிவைரஸைப் பற்றி எழுதிய அனைத்தையும் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும்.

ஏணி போட்டு இறக்கி, துடைத்து, கம்ப்யூட்டரில் போட்டோம். அப்போதும் விரதத்தை விடாமல், திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, "புள்ள தலையில தண்ணி ஊத்துற படம் வருதா? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். "ஆமா" என்றேன். "சிரிக்குதா?" "சிரிக்குது." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. இருநூற்று ஒன்பது படம் வந்துவிட்டது. வெயிலில் வெந்து போன ஐந்தும் தங்கள் தாயார் கேக் வெட்டும் படங்கள். இதில் அத்தையின் கை எதுவும் இல்லை என்று அவளே எழுதச் சொன்னாள்.

மரம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் தங்கள் ஆன்டிவைரஸ் சிடியை அதே கயிற்றில் கட்டிவிட்டேன். அங்கே அதற்குக் காவல் வேலை மட்டும்தான். காலையிலிருந்து ஒரு கிளிகூட வரவில்லை.