டேரன் தோற்க முடியாமல் போன விவரம்

பாயான் லெப்பாஸ்,
திங்கட்கிழமை மாலை.

அன்பும் மதிப்பும் மிக்க மார்த்தா அக்காவுக்கு,

உங்கள் தம்பி வேதநாயகம் கைகூப்பி எழுதும் கடிதம். இறைவன் அருளால் இங்கே நானும் என் இடது முழங்காலும் ஒருவாறு நலம். அங்கே நீங்களும், அத்தானும், உங்கள் இரத்த அழுத்தமும் நலமாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். குறிப்பாக இரத்த அழுத்தம், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது.

இந்தக் காலத்தில் யாரடா கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். சனிக்கிழமையிலிருந்து பதினோரு முறை போன் செய்தேன். நான் "அக்கா, அது வந்து" என்றதும் வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயாவுக்கு நேரில் வர எனக்குத் தைரியம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காகிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் படும்.

உங்கள் மகள் மோனிக்கா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆனால் மோனிக்கா அங்கே இல்லை, நான் இருந்தேன். முதலில், நீங்கள் எனக்குக் கொடுத்த வேலை என்ன என்பதை நினைவுபடுத்துகிறேன். உங்கள் மருமகன் டேரன் வேலை செய்யும் தொழிற்சாலை ஜொகூரில் கிளை திறக்கிறது. ஓர் இன்ஜினியரை நான்கு வருடத்துக்கு அங்கே அனுப்பப் போகிறார்கள். டேரன், இல்லையென்றால் கிஷன். முடிவு செய்கிறவர் டைரக்டர் டத்தோ ஷாருல். டத்தோவுக்குக் கோல்ஃப் என்றால் உயிர். கிஷனோ மூன்று வருடமாக அவரிடம் அழகாகத் தோற்று வருகிறவர். மோனிக்காவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, என் தட்டில் கோழிக்குழம்பை ஊற்றிக்கொண்டே நீங்கள்தான் சொன்னீர்கள்: "வேதா, புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நான் இங்க என்னடா பண்றது? கம்பெனி கோல்ஃப் போட்டி வருதுலா. டேரனுக்குக் கத்துக்குடு. அவன் ஜெயிக்க வேணாம். கொஞ்சமா தோத்தா போதும். ரொம்ப தோத்தா டத்தோவுக்கு போர் அடிச்சிரும்." அந்தக் கோழிக்கு மயங்கி நான் தலையாட்டினேன். ஆறு வாரம் இருந்தது.

என் தொழிலைப் பற்றி நம் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "வேதா பந்து பொறுக்குறான்" என்று அத்தான் ஒரு கல்யாண வீட்டில் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை. நான் பொறுக்குவதில்லை, அதற்கு வண்டி இருக்கிறது. நான் கற்றுக்கொடுக்கிறேன். விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பயிற்சித் திடலில் இருபத்தாறு வருடமாகப் பல் டாக்டர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வீட்டில் இருந்தால் தொந்தரவு என்று மனைவி அனுப்பிவைத்த கணவன் என எத்தனையோ பேர் என் கையில் பழகியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பந்து தூரமாகப் போக வேண்டும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தப்பாக அடித்தால் விமானச் சத்தம் காரணம், விமானம் வரவில்லையென்றால் புதுச் சப்பாத்து காரணம். "நேத்து யூடியூப்ல பாத்தேன் கோச்" என்று ஆரம்பிக்கிறவருக்கு முதல் ஒரு மணி நேரம் நான் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, மறக்கவைக்கிறேன். முன்னேற விரும்புகிறவர்களுக்கு என் யோசனை எப்போதும் இரண்டுதான். கடையில் கட்டித் தரும் தேத்தண்ணி பாக்கெட்டைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடியுங்கள், நழுவவும் கூடாது, பிதுங்கவும் கூடாது. அடித்து முடிக்கும் வரை தலையைத் தூக்காதீர்கள். இந்த இரண்டை வைத்தே என் பிள்ளைகள் படித்து முடித்தார்கள்.

டேரன் நல்ல பையன். ஆனால் இன்ஜினியர். பாக்கெட் கதையைச் சொன்னால், "எத்தன கிராம் அழுத்தம் மாமா?" என்று கேட்டு போனில் குறித்துக்கொள்வான். அவன் அடிக்கிற பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் எதையோ மறந்துவிட்டதுபோல் வலப்பக்கம் வளைந்து ஓடும். எல்லாப் புதியவர்களுக்கும் இருக்கிற வியாதிதான். ஆறு வாரத்தில் அதை நான் குணப்படுத்தவில்லை, குணப்படுத்த முயலவும் இல்லை. தோற்கப் போகிறவனுக்கு எதற்கு நேர்ப்பந்து என்று விட்டுவிட்டேன். அக்கா, இது என் முதல் தப்பு.

சனிக்கிழமை காலை ஒன்பது குழி ஆட்டம். டத்தோவும் டேரனும் எதிரெதிராக; டேரனின் பையைத் தூக்கிக்கொண்டு நான்; ஸ்கோர் எழுத, மனிதவளப் பிரிவு மேனேஜர் சாந்தினி. முதல் மூன்று குழியில் எல்லாம் நீங்கள் ஆசைப்பட்டபடியே நடந்தது. டத்தோ முன்னால், டேரன் கொஞ்சம் பின்னால், டத்தோ சிரிக்கிறார், டேரனின் தோளைத் தட்டுகிறார், "மனைவிக்கு எப்போது பிரசவம்?" என்று மலாயில் விசாரிக்கிறார். நான் மனதுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தேன்.

நான்காவது குழியில் டத்தோ அடித்த பந்தும் நன்றாகத்தான் போனது. ஆனால் அவருடைய வலது முழங்கை பறக்கிறது, அக்கா. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஆட்டத்தின் நடுவே யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் அவர் பந்தை மறந்துவிட்டுத் தன் உடம்பை நினைக்கத் தொடங்குவார், அன்றோடு ஆட்டம் போச்சு. இதை நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒருவர் குழம்பில் உப்புப் போட மறப்பதை இன்னொரு சமையற்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? யாரும் கேட்காமலேயே என் வாய் திறந்துகொண்டது. "டத்தோ, அந்த முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்தால் இன்னும் இருபது மீட்டர் கிடைக்கும்" என்று மலாயில், மிகவும் மரியாதையாகச் சொன்னேன். டத்தோ நன்றி சொன்னார்.

ஐந்தாவது குழியில் டத்தோ முழங்கையை ஒட்டி வைத்து அடித்தார். பந்து காட்டுக்குள் போனது. இன்னும் ஒட்டி வைத்தார், தண்ணீருக்குள் போனது. அப்புறம் பந்தையே பார்க்காமல் முழங்கையைப் பார்த்துக்கொண்டு அடித்தார், பந்து நின்ற இடத்திலேயே நின்றது. டேரன் என் சட்டையைப் பிடித்து ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்தான்.

"மாமா, வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? அவரே இப்படி தோத்தா நான் எப்படித் தோக்குறது?"

"இடப்பக்கம் கால்வாய் இருக்கு தம்பி. அதைப் பார்த்து அடி" என்றேன்.

அடித்தான். பந்து கால்வாயை நோக்கி ஒழுங்காகக் கிளம்பி, பாதி வழியில் வழக்கம்போல் வலப்பக்கம் வளைந்து, திடலின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. அடுத்த குழியில் மணல் பள்ளத்தைப் பார்த்து அடித்தான், கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்கடுத்த குழியில் பந்து குழியைத் தாண்டிப் போய்த் தொலையட்டும் என்று பெரிய மட்டையை எடுத்தான். மட்டை மண்ணை அடித்துவிட்டுப் பிறகு பந்தைத் தொட்டதில், போக வேண்டிய தூரம் மட்டும் போனது. கைதட்டிய ஒரே ஆள் சாந்தினி. தோற்பதற்கும் குறி வேண்டும், அக்கா. நினைத்த இடத்தில் பந்தைப் போடத் தெரிந்தவனுக்குத்தான் நினைத்தபடி தோற்க முடியும். ஆறு வாரத்தில் விளையாடக் கற்றுக்கொடுக்கலாம். தோற்கக் கற்றுக்கொடுக்க அவ்வளவு நாள் போதாது.

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். டேரனுக்கும் குழிக்கும் இடையே இருபது அடி. முகத்தில் வேர்வை ஊற்ற, குழிக்கு நான்கு அடி தள்ளிக் குறிவைத்துப் பந்தைத் தட்டினான். அங்கே ஒரு சரிவு இருந்ததை நானும் பார்க்கவில்லை. பந்து நிதானமாகத் திரும்பி, குழியின் விளிம்பில் ஒரு நொடி நின்று, உள்ளே விழுந்தது. "அய்யோ!" என்று டேரன் கத்தினான். ஜெயித்தவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. டத்தோவுக்கு ஓரடிதான் இருந்தது. முழங்கையை ஒட்டி வைத்தார், தவறவிட்டார்.

பரிசாக ரைஸ் குக்கர் கொடுத்தார்கள். டத்தோ கை குலுக்கிவிட்டு உடனே கிளம்பினார். சாந்தினி மட்டும் என் பக்கத்தில் வந்து, "அங்கிள், ஜொகூர்ல கோல்ஃப் திடல் நிறைய இருக்காம்" என்று பரிவோடு சொல்லிவிட்டுப் போனார். டேரனை நான்தான் வீட்டில் கொண்டுவிட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "மோனிக்கா கிட்ட நான் எப்படி மாமா சொல்லுவேன்?" என்றான். அவன் மடியில் அந்த ரைஸ் குக்கரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா, தப்பு என்னுடையது. டேரனைத் திட்டாதீர்கள், அவன் பாவம், தன்னால் முடிந்தவரை தோற்றுப் பார்த்தான். ஜொகூரிலும் நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை நானே உங்களைக் கெரெத்தாவில் கூட்டிப்போகிறேன். எத்தனை மணி நேரப் பயணமானாலும் யாருக்கும் ஒரு யோசனையும் சொல்லாமல் ஓட்டுவேன். அன்னை மரியாள் உங்கள் வீட்டைக் காத்து, உங்கள் கோபத்தையும் கொஞ்சம் தணிக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம், அவர் ஏற்றுக்கொண்டால்.

என்றும் உங்கள் பாசத்துக்கு ஏங்கும் தம்பி,
வேதநாயகம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் டத்தோ போன் செய்தார். மணல் பள்ளத்தைப் பார்த்து அடித்துக் கொடிக்குப் பக்கத்தில் பந்தைப் போடுகிற ஒருவரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். கிஷனை ஜெயித்து ஜெயித்து அலுத்துவிட்டதால் அவரை ஜொகூருக்கு அனுப்புகிறாராம். டேரனை ஒருமுறையாவது ஜெயிக்காமல் தீவை விட்டு நகரவிட மாட்டாராம். அதற்காக நாளை முதல் வாரம் மூன்று நாள் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார். அவர் முன்னேறிவிட்டால் மோனிக்கா கதி என்ன என்று நீங்கள் பதறுவீர்கள். பதற வேண்டாம். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அத்தானுக்குத் தெரிய வேண்டாம்: இந்த இருபத்தாறு வருடத்தில் என்னிடம் கற்றுக்கொண்டு ஒருவர்கூட முன்னேறியதில்லை. தொட்டிலைத் தைரியமாக இங்கேயே வாங்குங்கள்.